தகவல் போதாது

மதுரையில் தெருவுக்கு ஒரு 'பேங்க் தம்பி' இருப்பார். பி.இ. முடித்தவர். பேங்க்குக்கும் அவருக்கும் இதுவரை உள்ள ஒரே உறவு, பி.ஓ. எனும் அதிகாரி வேலைத் தேர்வுக்கு வருஷா வருஷம் கட்டும் விண்ணப்பக் கட்டணம்தான்.

எட்டுப் பேர் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் மூன்று பேர் வெளிப்பக்கம் பார்க்கிறார்கள் என்று ரீசனிங்கில் ஒரு கணக்கு வரும். விருந்துக்கு வந்த இடத்தில் ஏன் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள், என்ன மனஸ்தாபம் என்று நமக்குத் தோன்றும். தம்பிக்குத் தோன்றாது. நேரமில்லை. முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்வி. ஆங்கிலம், கணக்கு, ரீசனிங் மூன்றுக்கும் தனித்தனியே 20 நிமிடம். ஒன்றில் மீந்ததை இன்னொன்றுக்குக் கடனாகத் தர முடியாது. கடன் கொடுக்கும் தொழிலுக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள்!

மைனஸ் மார்க் என்று ஒன்று உண்டு. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். நிச்சயமில்லாததைத் தொடாதே என்று கோச்சிங் சென்டரில் சொன்னதைத் தம்பி வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். "தோசையா, உப்புமாவா?" என்று அம்மா கேட்டால் ஸ்கிப். "மாப்பிள்ளை எப்ப வேலையில சேருவாரு?" என்று பெண் வீட்டார் கேட்டபோது, "விடையளிக்கத் தகவல் போதாது" என்றார். அவர்களுக்குப் போதுமான தகவல் கிடைத்துவிட்டது.

பெரியப்பா விடவில்லை. "படிச்சவங்க சில பேருக்கு வேலை கிடைக்குதுல்ல? நீயும் படிச்சவன்தானே?"

"சில பேருன்னு சொல்லிட்டா அதுல நான் இருக்கேன்னு ஆயிடாது பெரியப்பா. கன்க்ளூஷன் ஃபாலோ ஆகாது."

பெரியப்பா அன்றைக்குச் சாப்பிடாமல் போனார்.

கட் ஆஃப் வெளியாகும் நாளில் வீடு இழவு வீடுபோல் இருக்கும். "கால் மார்க்குல போச்சு அப்பத்தா!"

"கால் மார்க்குதானேய்யா, கேட்டு வாங்கியாந்தா என்ன?"

இந்த இனத்தின் மூத்தவர்களுடைய சோகம் தனி. ஒவ்வொரு வங்கிக்கும் தலைமையகம் எந்த ஊர் என்று உருப்போட்டு வைத்திருந்தார்கள். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் பேங்க், ஆந்திரா பேங்க் உட்பட ஆறு பொதுத்துறை வங்கிகள் வேறு நான்கோடு இணைந்தன. லாபமா நஷ்டமா என்று நிபுணர்கள் விவாதித்தார்கள். ஆறு தலைமையகங்களை மறக்கவேண்டி வந்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டு சலுகை. அந்தச் சலுகையின் கடைசி வருஷத்தில் நம் தம்பி தேறிவிட்டார். போஸ்டிங் ஒடிசாவில். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை வாங்கினார். மிச்சத்தில் பயிற்சித் தாள் புத்தகம் ஒன்று.

"அதான் ஆபீசர் ஆயாச்சே, இன்னும் என்னப்பா பரீட்சை?"

"அடுத்தது புரொமோஷன் பரீட்சைம்மா."

"அதுலயும் கால் மார்க் புடிப்பாங்களா?"

"ஸ்கிப்மா."