வெர்சஸ் அண்ணா

கோயம்புத்தூரில் யாராவது ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போட்டுக் கார் வாங்க நினைத்தால், அந்தச் செய்தி அவருடைய ஆடிட்டருக்குப் போவதற்கு முன்பே வெர்சஸ் அண்ணாவுக்குப் போய்விடும். கணபதிப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கிணற்றில் எரிந்துபோன மோட்டார்களை ஏற்றி வர ஒரு பழைய மாருதி ஆம்னி. இவ்வளவுதான் அவருடைய வாகனச் சொத்து. அதனால் அவருடைய அபிப்பிராயத்தின் மதிப்பு குறைந்ததாக எனக்குத் தெரிந்து யாரும் சொன்னதில்லை. சமையல்காரர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்பதில்லையே.

சொந்தப் பெயர் வேறு. எந்தக் காரைப் பற்றி யார் கேட்டாலும், "எதோட வெச்சுக் கேக்கறீங்?" என்று திருப்பிக் கேட்பார். அதனால் ஊர் வைத்த பெயர் இது. ஒரு கார் தன்னளவில் நல்ல கார் என்பதை அவர் ஒப்புக்கொண்டதே கிடையாது. பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தினால்தான் அவருக்கு வாய் திறக்கும். கையில் எப்போதும் ஒரு நீளமான கணக்கு நோட்டு. நடுவில் கோடு, இடப்பக்கம் ஒருத்தன், வலப்பக்கம் ஒருத்தன். கார்கள் அத்தனையும் அவருக்கு ஆண்பிள்ளைகள். "பென்ஸுக்காரன்", "ஆடிக்காரன்" என்றுதான் பேச்சு.

இந்த வகை மனிதர் எல்லா ஊரிலும் உண்டு. சென்னையில் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு உலவுவார். மதுரையில் அதே ஆராய்ச்சியை அரசியல்வாதிகளின் கார் வரிசையைப் பார்த்தே முடித்துவிடுவார். கோவை ரகத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் தகுதி: இயந்திரம் தெரியும். குதிரைசக்தி அண்ணாவுக்குப் படித்துத் தெரிந்துகொண்ட சமாச்சாரம் இல்லை. தாமிரக் கம்பியாகக் கையில் சுற்றிய சமாச்சாரம்.

"பிஎம்டபிள்யூ 740ஐ-ல 381 ஹெச்பிங்ணா. அஞ்சு ஹெச்பி மோட்டார் எழுபத்தாறை ஒரே பெட்டிக்குள்ள வெச்ச மாதிரி. அதுவும் இலவச மின்சாரம் இல்லாம!" என்பார். கேட்பவர் மலைத்து நிற்கும்போதே அடுத்த கொக்கியைப் போடுவார். "பென்ஸுக்காரன் எஸ் 450-ல 367தானுங். ஆனா நின்ன இடத்துல இருந்து நூறைத் தொட அவனுக்கு 5.1 செகண்ட். இவனுக்கு 5.4. பலம் ஜாஸ்தி இருக்கறவன் எதுக்குங் பின்னால வர்றான்?"

யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மடக்கு டீ குடித்துவிட்டு அவரே சொல்வார். "அவன் நாலு சக்கரத்துலயும் தள்றான். இவன் பின்னாடி ரெண்டுல மட்டும் தள்றான். ஆள் பலத்துல என்னங் இருக்குது, ஊணிக்கக் கால் வேணாமுங்களா?"

விளக்கம் சரியானது. ஆனால் அந்த 0.3 விநாடியைக் கோவையில் எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது என்றுதான் எனக்குப் புரிவதில்லை. காந்திபுரத்தில் பச்சை விழும்போது முன்னால் ஒரு டவுன் பஸ் ஆளை ஏற்றிக்கொண்டிருக்கும். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்தபோது அண்ணா ஒரு வாரம் பண்டிகை கொண்டாடினார். ஊருக்கு இனிமேல் போக்குவரத்து நெரிசல் குறையும் என்று மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அண்ணாவுக்கு அது, கடைசியில் நமக்கும் ஒரு ஒப்பீட்டு மைதானம் வந்தது என்ற சந்தோஷம்.

அழகை மட்டும் பார்த்துக் கார் வாங்குகிறவர்களை அவர் மன்னிப்பதே இல்லை. அவர்களுக்காக ஒரு கதை வைத்திருக்கிறார். 1985-ல் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார் செய்தார்கள். உடம்பு இங்கிலாந்தின் ரோவர். பார்த்தால் பிரபு வம்சம். உள்ளே இருந்த என்ஜினோ 1940-களில் பிறந்த வான்கார்ட் காரின் பரம்பரை. 83 ஹெச்பி. விலை என்னவோ பிரபுவுக்கு ஏற்ற விலை. சில வருடங்களில் கதை முடிந்தது. "மீசைய மட்டும் பாத்து மாப்பிள்ளை எடுத்த வீடுங்" என்பார். எடுத்தவர்களின் பட்டியலும் அவரிடம் உண்டு. கேட்காமலே சொல்வார்.

சென்ற தை மாதம் ஒரு நூல் மில்லுக்காரர், பிஎம்டபிள்யூ 7 சீரிஸா பென்ஸ் எஸ் கிளாஸா என்று முடிவு செய்ய, இவரைத் தேர்வுக் கமிட்டித் தலைவராக அழைத்துக்கொண்டார். கமிட்டியில் மற்ற உறுப்பினர்கள் மில்லுக்காரர், அவருடைய அம்மா, டிரைவர். நான் பார்வையாளன்.

முதல் ஷோரூமிலேயே அண்ணா ஒரு செம்பை எடுத்தார். விளிம்பு வரை தண்ணீர். சொகுசை அளக்க அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இது. இதற்கு மூலம் கேட்டால் லெக்ஸஸ் கம்பெனி 1989-ல் எடுத்த விளம்பரத்தைச் சொல்வார். பானெட்டின் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, சக்கரங்களை உருளைகளின் மேல் முழு வேகத்தில் ஓடவிட்டார்களாம். ஒரு கோப்பைகூடச் சரியவில்லை. "அது நின்ன இடத்துல ஓடுன வண்டிங்ணா. நம்முளுது வேகத்தடை மேல ஏறோணும்" என்று செம்பைப் பின்சீட்டு நடுவில் வைத்தார். அசல் தோல் போட்ட சீட்டு. விற்பனைப் பையனின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"சார், தண்ணி வேண்டாமே சார், நான் வேணா வாயில சொல்லிடறேன்."

"வாய்ல சொல்றதுக்கு நீ எதுக்குத் தம்பி, விளம்பரமே சொல்லுதே!"

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த இலக்கணப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஷோரூமைத் தாண்டிய சந்தில் இருந்த மேடு எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படாத புதுக்கவிதை. காற்று நிரப்பிய சஸ்பென்ஷன் தன்னால் ஆனதைச் செய்தது. செம்பில் முக்கால் மிஞ்சியது. அண்ணா நோட்டில் "முக்கால்" என்று எழுதி அடிக்கோடு போட்டார். கால் பங்கு யார் மடியில் போனது என்பதை எழுதவில்லை. (என் மடியில்.)

இந்த ஆராய்ச்சியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. மில்லுக்காரர் ஸ்டியரிங்கைத் தொட்டே பல வருடம் ஆகிறது. நம் ஊரில் இந்த விலைக் கார்களை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பின்னால் இடதுபுறம்தான் உட்காருகிறார்கள். பாய்ச்சல், பிடிப்பு, வளைவில் சாயாத கம்பீரம் எல்லாம் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிற தம்பிக்குப் போய்விடும். காசு போட்டவருக்கு அந்த 5.1 விநாடி தெரிவது, மடியில் இருந்த செல்போன் காலடிக்கு நழுவும்போதுதான்.

எனவே பின்சீட்டுப் படலம் தொடங்கியது. 7 சீரிஸில் கூரையிலிருந்து 31.3 அங்குலத் திரை இறங்கியது. அது இறங்கினால் டிரைவருக்கு உள்கண்ணாடியில் பின்னால் வருகிறவன் தெரியமாட்டான் என்று அண்ணா ஒரு குறை குறித்தார். எஸ் கிளாஸில் கழுத்துக்கு வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடுக்கும் தலையணை பற்றிப் பையன் சொன்னான். வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கிய நாள் அது. மில்லுக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து, சத்தத்துக்கு வந்தார்கள். அறுபது மைல் வேகத்திலும் உள்ளே அதிகமாகக் கேட்பது கடிகாரச் சத்தம்தான் என்று 1958-ல் ரோல்ஸ் ராய்ஸுக்கு டேவிட் ஓகில்வி எழுதிய விளம்பரத்தை அண்ணா எடுத்துவிட்டு, எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, காதைக் கதவில் வைத்துக் கேட்டார். பிறகு மண்ணின் மைந்தர் வாதம். "பிஎம்டபிள்யூக்காரன் 2007-ல இருந்து நம்ம செங்கல்பட்டுப் பக்கம் பூட்டறானுங். பென்ஸுக்காரன் புனேக்காரன்." கமிட்டி தமிழ்ப் பக்கம் சாயத் தொடங்கியது.

அப்போதுதான் அம்மாவை உட்காரச் சொன்னார்கள். அந்த அம்மா ஒரு கையால் கதவையும் மறு கையால் மகனையும் பிடித்து மெல்ல இறங்கி உட்கார்ந்தார். இறங்கி என்றுதான் சொல்ல வேண்டும். சீட்டு அவ்வளவு கீழே இருந்தது.

"சொகமாத்தான் இருக்குது சாமி. ஆனா என்னைய எந்திரிக்க வெக்கறதுக்கு ரெண்டு ஆள் போட்டுக்கோ."

அண்ணா விளக்கினார். வண்டி தரையோடு தாழ்ந்திருந்தால்தான் பாரம் கீழே நிற்கும், வளைவில் சாயாது, வேகத்தில் நடுங்காது. அம்மா பொறுமையாகக் கேட்டார். "எம் முட்டிக்கு வளைவே ஆவாது கண்ணு" என்றார்.

மில்லுக்காரர் சம்பிரதாயத்துக்கு டிரைவரையும் கேட்டார். கூப்பிட்டால் மட்டும் பேசுகிற தம்பி அவன்.

"ஓடறது ஒரு மணி நேரமுங். மண்டபத்துக்கு வெளிய நிக்கறது ஒம்பது மணி நேரமுங். நிக்கறப்ப எந்த வண்டி நல்லா இருக்குதுன்னு ஒரு பத்திரிகைலயும் போடறதில்லீங்."

அண்ணா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து நோட்டில் "நிற்கும் சுகம்" என்று புதிதாக ஒரு வரி போட்டார். இரண்டு பக்கமும் இன்றுவரை காலியாக இருக்கிறது.

கடைசியில் வாங்கியது இரண்டும் இல்லை. டொயோட்டா வெல்ஃபயர். பக்கக் கதவு வழுக்கிக்கொண்டு திறக்கிறது, படி இருக்கிறது, அம்மா நிமிர்ந்தபடியே ஏறுகிறார். டிரைவருக்குக் காலை நீட்டிப் படுக்கவும் இடம் உண்டு. கணக்கு நோட்டின் ஒரு பக்கத்திலும் அந்தப் பெயர் வந்ததே இல்லை. வேறு மனிதராக இருந்தால் மனம் உடைந்திருப்பார். இவர் அன்று சாயங்காலமே புதுப் பக்கம் புரட்டிக் கோடு கிழித்துவிட்டார்: வெல்ஃபயர் வெர்சஸ் லெக்ஸஸ் எல்எம்.

ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் பூஜை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அது ஹைப்ரிட் வண்டி. கிளம்பும்போது பேட்டரியில்தான் கிளம்பும். டிரைவர் பொத்தானை அழுத்தினான். ஒரு சத்தமும் இல்லை. அர்ச்சகர் வண்டிக்கு நேர் முன்னாலேயே தட்டோடு நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கோ."

"ஸ்டார்ட்டாயிருச்சுங் சாமி."

"சத்தமே வரலியே?"

பழங்கள் நசுங்கியதுதான் சத்தம். அர்ச்சகர் துள்ளி விலகினார். அண்ணா விடவில்லை, கூடவே நடந்தபடி, பெட்ரோல் என்ஜின் எப்போது உயிர்த்தெழும், இதே அடித்தளத்தில் செய்த லெக்ஸஸில் 48 அங்குலத் திரை எப்படி, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே சுவர் எப்படி என்று தொடங்கிவிட்டார். அர்ச்சகர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு கருவறை வாசல் வரை போனார். அங்கே நின்று திரும்பி, தம்முடைய மாப்பிள்ளை ஒரு கார் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் பன்னிரண்டு லட்சத்துக்குள் எது தேவலை என்றும் கேட்டார்.

"எதோட வெச்சுக் கேக்கறீங் சாமி?" என்றார் அண்ணா, நோட்டைப் பிரித்தபடி.