ஐந்நூற்று இருபத்தாறாம் பந்து: ஒரு மூலபாட ஆராய்ச்சி

உலகில் தீராத வழக்குகள் பல. அவற்றுள் ஒன்று, 1954 மார்ச் 19ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் வில்லி மோஸ்கோனி என்பார் ஒரு முறைகூடத் தவறாமல் 526 பந்துகளைக் குழிக்குள் தள்ளியது சாதனைதானா என்பது. சங்க காலத்தை முன்னும் பின்னும் நகர்த்துகிற அறிஞர்கள்கூட ஒரு கட்டத்தில் காபிக்கு எழுந்துவிடுவார்கள். பூல் மேசையைச் சுற்றி நின்று வாதிடுபவர்கள் எழுவதில்லை. அவர்கள் உட்காருவதே இல்லை.

முதலில் இலக்கணம். ஸ்ட்ரெயிட் பூல் ஆட்டத்தில் 15 பந்துகள், அவற்றை அடிக்க ஒரு வெள்ளைப் பந்து. எந்தப் பந்து, எந்தக் குழி என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். விழுந்தால் ஒரு புள்ளி, ஆட்டம் நம் கையிலேயே இருக்கும். தவறினால் எதிராளியின் முறை. 14 பந்துகள் விழுந்ததும் மிஞ்சிய ஒன்றை மேசையில் விட்டுவிட்டு, விழுந்தவற்றை மறுபடி முக்கோணமாக அடுக்குவார்கள். விட்டுவைத்த அந்த ஒன்றைக் குழிக்கு அனுப்புகிற அதே அடியில், வெள்ளைப் பந்து போய் அடுக்கில் மோதிக் கலைக்க வேண்டும். கலையாவிட்டால் அடுத்து அடிக்க ஒன்றும் கிடைக்காது. 526 என்றால் இந்த வித்தையை ஏறத்தாழ 37 முறை செய்தாக வேண்டும்.

அன்று நடந்தது பட்டத்துக்கான போட்டி அல்ல, காட்சி ஆட்டம். இலக்கு 200 புள்ளி. 200ஐத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது, மோஸ்கோனி முடிக்கவில்லை. எதிராளியாக வந்த உள்ளூர்க்காரர் அந்தக் கணத்தில் பார்வையாளராகப் பதவி உயர்வு பெற்றார். மொத்தம் 2 மணி 10 நிமிடம் என்பது மரபுவழிச் செய்தி. வகுத்துப் பார்த்தால் பந்துக்குச் சராசரி 15 விநாடிகூட இல்லை, அடுக்குகிற நேரமும் அதற்குள் அடக்கம். நம்மில் பலருக்குக் கோலின் நுனியில் சாக்குத் தேய்க்கவே அவ்வளவு நேரம் ஆகும்.

புராணத்துக்கு வேண்டிய பால சரிதமும் உண்டு. ஃபிலடெல்பியாவில் பூல் கூடம் நடத்திய தந்தை, மகன் ஆடக் கூடாது என்று தடுக்க, பையன் துடைப்பக் கட்டையால் உருளைக்கிழங்கை அடித்துப் பழகினானாம். பின்னாளில் 15 முறை உலகப் பட்டம் வென்றவருக்கு உருளைக்கிழங்குப் பருவம் இருந்தே தீர வேண்டும் என்பதால் இதை ஆராயாமல் விடுகிறேன்.

சண்டை மேசையில் தொடங்குகிறது. அன்றைய மேசை 4 அடிக்கு 8 அடி. பட்டப் போட்டிகளின் மேசை அதைவிடப் பெரியது. மூலைக் குழியின் வாய் 5¼ அங்குலம், பந்தின் விட்டமோ 2¼ அங்குலம். இரண்டு பந்துகள் தோளோடு தோள் உரசி உள்ளே போகலாம், அப்புறமும் இடம் மிஞ்சும். ‘சிறுமேசை, பெருங்குழி, ஆகவே சாதனை பொய்’ என்பது முதல் கட்சி. ‘சிறுமேசையில்தான் பந்துகள் ஒன்றையொன்று மறித்து நெரிசல் கூடும், ஆகவே கடினம்’ என்பது எதிர்க்கட்சி. இருவருமே பாதிதான் சரி என்பது என் துணிபு. ஸ்ட்ரெயிட் பூலில் கைதேர்ந்தவர்கள் நெடுந்தூர அடியைத் தேடிப் போவதில்லை. வெள்ளைப் பந்தை ஒரு சாண், இரண்டு சாண் நகர்த்தியே பிழைப்பு நடத்துகிறார்கள். அதனால் மேசை சிறுத்தது முதல் கட்சி நினைக்கிற அளவுக்கு உதவாது. குழி அகன்றது எதிர்க்கட்சி ஒப்புக்கொள்வதைவிட மிக அதிகம் உதவும்.

அடுத்தது பாடபேதம். 527ஆவது பந்து, மெல்லிசாகச் சீவி அடிக்க வேண்டியது, தவறிப்போயிற்று என்பது ஒரு பாடம். தவறவே இல்லை, அலுத்துப்போய்க் கோலை வைத்துவிட்டார் என்பது இன்னொன்று. பதிப்பு நெறிப்படி, நம்பக் கடினமான பாடமே பெரும்பாலும் மூலபாடம். மோஸ்கோனி தவறினார் என்பதுதான் நம்பக் கடினமாக இருக்கிறது, அதையே கொள்கிறேன்.

இனிச் சான்று. அன்று படக்கருவி ஓடவில்லை. ஆனால் நேரில் பார்த்த 35க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரை விழுந்த பிரமாணப் பத்திரம் இருக்கிறது. சோழர் காலத்து ஆவணங்களில் ‘இவை என் எழுத்து’ என்று ஊரார் வரிசையாக ஒப்பமிடுவதைப் போன்ற காரியம் இது. இதன் அருமை 1960இல் விளங்கியது. நியூயார்க்கின் புரூக்ளினில் மைக்கேல் யூஃபீமியா 625 பந்துகள் அடித்தார். பார்த்தவர்கள் இருந்தார்கள், பத்திரம் இல்லை. 625 அங்கீகாரம் இல்லாமல் போயிற்று, 526 அரியணையில் இருந்தது. குழியில் விழுந்த 99 பந்துகளைவிடத் தாளில் விழுந்த முத்திரை கனமானது.

பிறகு 2019 மே மாதம், கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஷ்மிட் மாதக்கணக்கில் முயன்று, படக்கருவியை ஓடவிட்டு, 626 அடித்தார். 526, 625, 626! ஏடு பெயர்த்து எழுதுபவர் தூக்கக் கலக்கத்தில் எண்களை மாற்றிப்போட்டார் என்று எந்தப் பதிப்பாசிரியரும் அடிக்குறிப்பு எழுதுவார். ஆனால் மூன்றும் தனித்தனி. அமெரிக்க பில்லியர்ட் காங்கிரஸ் ஷ்மிட்டின் எண்ணை ஏற்றது. ஒளிப்பதிவு உடனே எல்லாருடைய கண்ணுக்கும் வராததால், படமே இல்லாத மோஸ்கோனியை நம்பியவர்கள் படம் வைத்திருந்தவரைச் சந்தேகித்தார்கள். 2022இல் ஸ்காட்லாந்தின் ஜேசன் ஷா 714 அடித்தார்.

ஒளிப்பதிவில் உள்ள தொல்லை, அதைப் பார்க்க முடியும் என்பதுதான். நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், நானூற்றுச் சொச்சமாவது பந்தை அடிக்கும்போது சட்டைக் கை பக்கத்துப் பந்தில் உரசிற்றா என்று கேட்கலாம். உரசினால் அது தவறு, ஓட்டம் அங்கேயே முடிந்தது என்று வாதாடலாம். மோஸ்கோனியின் சட்டைக் கை எங்கெங்கே உரசியதோ, பத்திரத்தில் ஒப்பமிட்டவர்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.