பூநாரை ஏன் புள்ளியாகிறது?

கேள்வி: சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ஆசையாகக் கேமரா வாங்கினேன். பழவேற்காட்டில் பூநாரையை எடுத்தால் புள்ளிதான் விழுகிறது. பெரிய லென்ஸ் வாங்கட்டுமா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: பொறுங்கள். கேமராவோடு வந்த 18-55 லென்ஸுக்குப் பூநாரை எட்டாக்கனி, 300 மி.மீ.யாவது வேண்டும். அதற்கு முன் கையிலுள்ள லென்ஸிலேயே பழகுங்கள். பழவேற்காட்டிலேயே டச்சுக்காரர்களின் 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பறந்து போகாது, எத்தனை முறை சொதப்பினாலும் கோபிக்காது! பக்கவாட்டு வெயிலில் ஒவ்வொரு விலா எலும்பும் எழுந்து நிற்கும். உச்சிவெயிலில் அதே கல் தட்டையாகிவிடும். வெளிச்சத்தைப் படிக்க இதைவிட நல்ல இடம் உங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை. பூநாரைக்கு, குளிர்காலத்தில் பெரிய லென்ஸை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். பறக்கும்போது ஷட்டர் 1/1000-க்குக் குறைய வேண்டாம்.