25 மில்லிமீட்டர் ஷார்ட்

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவன் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அளவுதான் கேட்பான். மார்பு எவ்வளவு, நீளம் எவ்வளவு, அரை சென்டிமீட்டர் கூடவா குறைவா. அப்ரூவல் ஆன பழைய சாம்பிளை டேபிளில் விரித்து, புதுசை அதன்மேல் போட்டுப் பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாதி விடவில்லை. 2011-இல் வந்த ஹீரோ இம்பல்ஸையும் 2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210-ஐயும் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவைத்து, மெஷர்மென்ட் சார்ட் எழுத உட்கார்ந்தேன். முன்னது என்னுடையது. பின்னது அக்கா பையனுடையது.

அவன் தன் வண்டியை மோட்டோகிராஸ் பைக் என்றுதான் சொல்வான். நான் மறுப்பதில்லை, கல்யாணமாகாத பையன், நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டும். அசல் மோட்டோகிராஸ் வண்டிக்கு ஹெட்லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. ரோட்டில் ஓட்டவே கூடாது. அதை வேறு வண்டியில் ஏற்றித்தான் மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே கடையில் கிடைப்பவை ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான ஜாதி.

எங்கள் காலத்தில் அந்தப் பொது ஜாதிகூட இல்லை. கோயம்புத்தூரில் மண் தளத்தில் ரேஸ் நடக்கிறது என்றால் திருப்பூரிலிருந்து கூட்டமாகக் கிளம்பிப் போவோம். அங்கே பறந்ததெல்லாம் யமஹா ஆர்எக்ஸ் 100-ம் டிவிஎஸ் சுசுகி ஷோகனும்தான். ஆர்எக்ஸ் 100-க்கு 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை 103 கிலோ. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன அந்த வண்டியின் சத்தத்தை இன்றைக்கும் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. ஹெட்லைட்டைக் கழற்று, மட்கார்டைத் தூக்கிக் கட்டு, பட்டன் டயர் போடு: மோட்டோகிராஸ் தயார். திங்கட்கிழமை எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாம்.

நிஜமான காட்டு வண்டி எது என்று கேட்டால், 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 என்பேன். இருபது இருபத்தைந்து கிலோ துணி ரோல் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. மழை பெய்த செம்மண்ணில் இரண்டு காலையும் கீழே ஊன்றி உந்திக்கொண்டே நிட்டிங்கிலிருந்து காம்பாக்டிங்குக்கும், கட்டிங்கிலிருந்து பிரிண்டிங்குக்கும் போன ஆட்கள்தான் திருப்பூரின் ஏற்றுமதியைச் சுமந்தவர்கள். அவர்களுக்கு யாரும் கோப்பை கொடுக்கவில்லை. துணியில் சேறு பட்டால் கூலியில் பிடித்தார்கள்.

இம்பல்ஸ் வந்தது நவம்பர் 2011-இல். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக முந்தின டிசம்பரில்தான் அறிவித்திருந்தார்கள். ஹோண்டா பிரேசிலில் விற்றுக்கொண்டிருந்த என்எக்ஸ்ஆர் 150 பிராஸ் என்ற வண்டியின் சாயலில் இதைக் கொண்டுவந்தார்கள். விலை எழுபதாயிரத்துக்குள். திருப்பூருக்கு அது நல்ல வருஷம் இல்லை. ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தன. நொய்யல் ஆற்றுக்கு நாங்கள் செய்ததை நினைத்தால் அந்த உத்தரவைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் வெள்ளைத் துணி சாயம் தேடி ஊர் ஊராக அலைந்தது. வரவேண்டிய நாளில் வராது. வந்தால் மொத்தமாக வரும். அப்புறம் ஷிப்மெண்ட் தேதிக்குள் தைத்து முடிக்க ஊத்துக்குளி, குன்னத்தூர், காங்கேயம் பக்கமெல்லாம் கிராமத்து யூனிட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் போய் லைனில் நின்று பீஸ் பார்க்கிற வேலை எனக்கு.

அந்த யூனிட்டுகளுக்குப் போகிற வழி பாதிக்கு மேல் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே மாட்டுவண்டித் தடம், தடத்துக்கு நடுவில் புல் முளைத்த மேடு. அதற்காகத்தான் கடன் போட்டு இம்பல்ஸ் எடுத்தேன். தெருவே வந்து பார்த்தது.

“என்னுங்ணா, ஏணி போட்டுத்தான் ஏறோணுமாட்டம் இருக்குது?”

முதலாளி இன்னும் ஒரு படி மேலே போனார். “ஏப்பா, சம்பளம் சேத்திக் கேக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேருமாப் போயி ஒரு நல்ல வண்டியாப் பாத்திருக்கலாமல்ல.”

நாட்டிலும் ஏறக்குறைய இதே தீர்ப்புதான். இம்பல்ஸ் அதிகம் விற்கவில்லை. சில வருஷங்களில் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள்.

இனி சார்ட்டுக்கு வருகிறேன். என்ஜின்: பழசு 149 சிசி, 13 குதிரைத்திறன். புதுசு 210 சிசி, 24.6 குதிரைத்திறன், லிக்விட் கூலிங். கியர்: அஞ்சு, இப்போது ஆறு. பின் பிரேக்: பழசில் டிரம், புதுசில் டிஸ்க், அதற்கு மேல் ஏ.பி.எஸ்., அதிலும் ரோட்டுக்கு ஒரு மோடு, காட்டுக்கு ஒரு மோடு. சக்கரம்: முன்னால் 19 அங்குலம், பின்னால் 17 என்று இருந்தது 21-ம் 18-ம் ஆகிவிட்டது. இதில் கிண்டலுக்கு இடமில்லை. பெரிய முன்சக்கரம் கல்லில் முட்டி நிற்காமல் ஏறிப்போகும். மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு 21 போடுவதே அதனால்தான். சஸ்பென்ஷன் முன்னால் 210 மில்லிமீட்டர், பின்னால் 205 மில்லிமீட்டர் அமுங்கி எழும். பள்ளத்தில் விட்டுப் பார்த்தேன். என் இடுப்புக்குச் செய்தியே வரவில்லை.

எடை: 134 கிலோ இருந்த இடத்தில் 168. கூடுதல் 34 கிலோ, கிட்டத்தட்ட ஒன்றரை ரோல் துணி. சேற்றில் சாய்ந்தால் ஒரு ஆள் தூக்குகிற எடைதான் இட்டேரியில் எடை; மற்றதெல்லாம் ஷோரூம் கணக்கு.

கடைசியில் தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் உள்ள இடைவெளி. பழசு 245 மில்லிமீட்டர். புதுசு 220.

“25 மில்லிமீட்டர் ஷார்ட் மாப்ள.”

“டாலரன்ஸ் குடுங்க மாமா.”

“காலரா இருந்தா மூணு மில்லிமீட்டர் தருவேன். இது ரிஜெக்ட்.”

“நிக்கும்போது அளக்கறீங்க மாமா. ஓடும்போதுல்ல பாக்கோணும். எவ்வளவு அமுங்கி எந்திரிக்குதுங்கறதுதானுங்க கணக்கு.”

அவன் சொன்னதும் தப்பில்லை. குதித்து இறங்குகிறவனுக்கு சஸ்பென்ஷன் பெரிது. மேட்டில் உரசாமல் ஊர்ந்து போகிறவனுக்கு இடைவெளி பெரிது. முந்தைய எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் புரோ என்று ஒன்று வந்தது. அதில் 270 மில்லிமீட்டர் இடைவெளி கொடுத்தார்கள். சீட் உயரம் 891. அதற்கு நிஜமாகவே ஏணி வேண்டும்.

டக்கார் ராலியை இழுப்பது அவனுடைய கடைசி அஸ்திரம். 2024-இல் ஹீரோ வண்டியில் ராஸ் பிராஞ்ச் ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாக வந்தார். அதே வருஷம் ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா ஷெர்கோ டிவிஎஸ் வண்டியில் ராலி 2 பிரிவை ஜெயித்தார். ஷொர்ணூர் நம் ரயில் பாதையில்தான் இருக்கிறது என்பதால் அவரைப் பக்கத்து ஊர்ப் பையன் என்றே மாப்பிள்ளை சொல்வான். அதெல்லாம் 450 சிசி ரேஸ் வண்டி, உன்னுடையது 210 என்று நான் சொன்னால், “கம்பெனி ஒண்ணுதானுங்களே மாமா” என்பான். அப்படிப் பார்த்தால் ஏற்றுமதி பீஸும் செகண்ட்ஸும்கூட ஒரே கம்பெனிதான்.

வண்டியோடு வந்த உடுப்புதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. பூட்ஸ், முழங்கால் கவசம், நெஞ்சுக் கவசம், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு ஜெர்சி. பாலியஸ்டர் மெஷ், ரேக்லான் கை, சப்ளிமேஷன் பிரிண்ட், தையல் முழுக்க ஃபிளாட்லாக். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு நூல் பிசிறு இல்லை. உள்ளே கேர் லேபிளைத் திருப்பினால் சீனா. காட்டனிலேயே ஊறிய ஊர் நாங்கள். செயற்கை நூல் பக்கம் திரும்ப வேண்டும் என்று சங்கக் கூட்டங்களில் பேசிப் பேசி இப்போதுதான் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். அதற்குள் பனியன் ஊர்ப் பையன் சேற்றில் விழுவதற்கு வெளிநாட்டிலிருந்து சட்டை வரவழைக்கிறான்.

சேறு எங்கே என்கிறீர்களா? அதற்கும் ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் கிளம்பிப் போய்க் காசு கட்டுகிறார்கள். மண்ணில் எப்படி ஓட்டுவது, எப்படி எழுந்து நிற்பது, எப்படி விழுவது என்று கோவைப் பக்கம் பாடம் நடக்கிறதாம். விழுவதற்குக் கட்டணம். நான் குன்னத்தூர் பக்கம் விழுந்ததெல்லாம் இலவசம். மருந்துச் செலவு மட்டும் என்னுடையது.

நான் போன இட்டேரிகளில் பல இப்போது தார் ரோடு. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி, அதில் வீட்டு மனை போர்டு. மேடு பள்ளமெல்லாம் நகருக்குள் குடிவந்துவிட்டன. குழாய்க்கு ஒரு தடவை, பாதாளச் சாக்கடைக்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை என்று தோண்டி மூடிய தெருக்களில் மாப்பிள்ளை தினமும் கம்பெனிக்குப் போய் வருகிறான். அதற்கு இந்த வண்டி கச்சிதம். அறிமுக விலை ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் என்றாலும், வாங்கியதற்கு அவன் சொல்லும் காரணங்களில் எனக்கு நம்பிக்கை வந்தது இந்த ஒன்றில்தான்.

போன வாரம் அவன் கூட்டாளிகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தரும் புதுசைப் பார்க்கவில்லை. என் இம்பல்ஸைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். “குடுக்கறதா இருந்தா எங்களுக்கே சொல்லுங்ணா” என்றான் ஒருத்தன். முதலாளியை வரவழைத்துக் காட்டியிருக்கலாம்.

அவர்கள் போனதும் மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“மாமா, ஞாயித்துக்கெழம உங்க வண்டி வேணுமுங்க. புது டிராக்காம், ஒரே கல்லாக் கெடக்குதாம்.”

“உன்னுது எங்க?”

“புதுசுங்களே மாமா. கீறல் விழுந்துருமுங்க.”

கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்பல்ஸை எடுத்துக்கொண்டு காதர்பேட்டை வரைக்கும் போய், பேத்திக்கு இரண்டு பனியன் வாங்கி வந்தேன். நல்ல வண்டி. கிளம்பும் முன்னால் அவனே ஏ.பி.எஸ்.-ஐ ரோடு மோடில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.