விதிக்கு உட்பட்ட விருந்து

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதியைப் பிழையின்றித் தீர்த்துப் புகழ் பெற்ற கனவானை விருந்துக்கு அழைக்கிறவர்கள், மேஜைமேல் உள்ள நாப்கின் காகிதங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிடுவது உத்தமம். ஏனெனில், யார் எங்கே உட்காரலாம் என்று இல்லத்து அம்மையார் வாய்தவறிக் கேட்ட மாத்திரத்தில், அவர் பென்சிலை உருவி, ஏழு கோடுகளை வரிசையாகக் கிழித்து, வந்திருக்கும் ஏழு பேரையும் அவரவர் பெயரின் முதலெழுத்தாகச் சுருக்கி, ஜியும் எச்சும் அடுத்தடுத்து அமரலாகாது, கே அமர்ந்தால் எல் அவருக்கு இடப்புறம் இருந்தே தீரவேண்டும், எம் எங்கே இருந்தாலும் பாதகமில்லை என்று விதிகளை ஒவ்வொன்றாக ஸ்தாபித்து, சூப் ஆறி, ரொட்டி உலர்ந்து, எம் என்ற அந்தப் பரிதாபத்துக்குரிய மனிதர் பசி தாளாமல் நின்றபடியே சாப்பிடத் தொடங்குகிற வரையில் ஓயமாட்டார்.

சொந்த வீட்டிலும் அவர் இப்படித்தான்: மழை பெய்தால் கடைக்குப் போகவேண்டாம் என்று மனைவி சொன்னால், மழை பெய்யாவிட்டால் போகவேண்டும் என்பது அதில் அடங்கவில்லை என்று நிரூபித்து, வெயில் நாட்களிலும் போவதில்லை.

அந்தப் புதிர் வித்தையில் ரஸம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. தேர்வில் அந்நாளில் 35 நிமிஷங்களில் நான்கு புதிர்கள். ஒரு விதி இன்னொன்றோடு பொருந்தி, மிச்ச இடங்களெல்லாம் தாமாகவே நிரம்புகிற அந்தக் க்ஷணத்தில் அவர் முகம் மலர்வதைப் பார்த்தால், ஆறிய சூப்பைக்கூட மன்னித்துவிடத் தோன்றும்.

ஆனால், படம் வரைந்து பழகவேண்டிய இப்பகுதி தங்களுக்கு அநீதி என்று பார்வையற்றவர்கள் வழக்காடி, 2019-இல் சமரசம் ஏற்பட்டு, 2024 ஆகஸ்டு முதல் தேர்விலிருந்தே அது நீக்கப்பட்டதை அவர் ஒரு நாகரிகத்தின் வீழ்ச்சியாகவே பாவிக்கிறார். வழக்குத் தொடுத்தவர்களின் கஷ்டம் என்னவென்று ஒருநாளும் விசாரித்ததில்லை. இதுகூடப் போகட்டும். இப்போது தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், அந்த இடத்தில் கூடுதலாக வந்திருக்கும் லாஜிக்கல் ரீசனிங் பகுதியில் சந்தேகம் கேட்டு அவரை நாடிவந்தால், மாலை முழுதும் ஏழு கோடுகளைக் கிழித்துக் காட்டிவிட்டு, அவர்கள் புறப்படும் வேளையில், "நீங்கள் கேட்டது வெறும் வாசகந்தானே, வீட்டில் படித்தால் புரிந்துவிடும்" என்று அனுப்பிவைக்கிறார்.