போன போன்

"திருப்பி அனுப்பிய போன் எங்கே?" என்று ஆன்லைன் கடையைக் கேட்டால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்கிறது ஒரு குரல். போன் முக்கியமில்லை போலும்.

வாங்கும்போது ஓடிபி சொல்லாமல் பெட்டியைக் கண்ணில்கூடக் காட்டாத டெலிவரி தம்பி, திரும்ப எடுக்க வந்தால் "வர்றேன் சார்" என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தெருமுனைக் கடையில் செருப்பை விட்டாலும் டோக்கன் தருகிறார்கள். முப்பதாயிரம் ரூபாய்ப் போனுக்கு நமக்குக் கிடைப்பது ஒரு புன்னகை.

ஆகவே, போனைத் திருப்பித் தருமுன் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துவையுங்கள். சிம்மை எடுத்து, உள்ளதை அழித்து, பெட்டியில் வைத்து ஒட்டுவதுவரை வீடியோ எடுங்கள். பிக்கப் ரசீது வராமல் பெட்டியை விட்டுவிடாதீர்கள்.

அப்படியும் போன் காணாமல் போனால் புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் கடை சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். "இன்னும் 24 மணி நேரம் பொறுங்கள்" என்று முப்பது முறை சொன்னால் ஒரு மாதம் ஆகிவிடும், கணக்கில் கெட்டிக்காரர்கள்.

அதற்கும் மசியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைப்பதற்கு இன்னொரு போன் வேண்டும், அவ்வளவுதான்.