கூட்டுழைப்புக்கு எத்தனை மதிப்பெண்?

மருத்துவத் துறையினரும் மாணவர்களும் ஒருவரோடொருவர் ஒத்துழைக்கும் மனநிலையில் இருக்கிறார்களா என்று அளக்க வினாத்தாள்கள் உண்டு. மாணவர்களிடம் அதிகம் புழங்குவது, 1999இல் பார்செல், பிளை இருவரும் இங்கிலாந்தில் வெளியிட்ட 19 கூற்றுகள் கொண்ட அளவுகோல். அதில் 9 கூற்றுகள் குழுப்பணி பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 'முழுமையாக ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை 5 கட்டங்கள். சேர்ந்து கற்றால் நோயாளிக்கு நல்லதா என்று கேட்டால், கெட்டது என்று குறிக்கும் மாணவர் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே சேர்ந்து கற்கும் பயிற்சிக்கு முன்பே மதிப்பெண் உச்சியில் உட்கார்ந்துகொள்கிறது. பயிற்சிக்குப் பிறகு ஏற இடமில்லை. இந்தக் குறையை ஆய்வாளர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

மருத்துவர்–செவிலியர் ஒத்துழைப்புக்கான ஜெஃபர்சன் அளவுகோலில் 15 கூற்றுகள். பல நாடுகளில் செவிலியர்களே கூடுதல் மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒத்துழைப்பின் அருமை, உத்தரவு போடுகிறவரைவிட வாங்குகிறவருக்குத்தான் தெரிகிறது போலும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் தந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல், கத்தி வைக்கும் முன் குழுவினர் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொள்ளச் சொல்கிறது. ஒரே அறையில் நிற்பவர்களுக்கு இதை அச்சடித்துத் தர வேண்டியிருந்தது.

மங்கலம்பேட்டை போன்ற பேரூராட்சிகளில் கூட்டுழைப்பு தெருவில் நடக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தேடிச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். போன வீடுகளை எண்ணிவிடலாம். தன்னார்வலர் சொன்னதை மருத்துவர் காதில் போட்டுக்கொண்டாரா என்பதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். மேற்சொன்ன இரண்டு வினாத்தாள்களிலும் நோயாளிக்குப் பேனா கொடுப்பதில்லை.